டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, 193ஆம் கட்டை: குளிரேறிய ஒரு நாளின் நிகழ்வு ஆய்வு

கனடாவின் யூக்கோன் பிரதேசத்தில், டோசன் நகரிலிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் என்ற வழித்தங்குமிடம் வரை ஒரே நாளில் போய்ச் சேரப் புறப்பட்ட மூன்று மோட்டார் சைக்கிள்காரர்கள் பாதி வழியில் நின்றுபோனதைப் பற்றிய பதிவு இது. யாருக்கும் எலும்பு முறியவில்லை, ஹெலிகொப்டர் வரவில்லை. பிறகு எதற்கு எழுதவேண்டும் என்று எங்களில் ஒருவரே கேட்டார். தப்பியதில் எங்கள் கெட்டித்தனம் மிகக் கொஞ்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

மூவரில் நானும் ஒருவன். மற்ற இருவரையும் மூத்தவர், இளையவர் என்றே குறிப்பிடுகிறேன். இருவரும் வாசித்துச் சம்மதம் சொன்ன பிறகே இது வெளியே வருகிறது. நேரங்களும் தூரங்களும் என் குறிப்புக் கொப்பியிலிருந்தும், இளையவரின் ஹெல்மெட் கமராவிலிருந்தும் எடுத்தவை.

ஆட்களும் வண்டிகளும்

மூத்தவருக்கு 58 வயது. முப்பது வருடமாக ஓட்டுகிறவர். லாப்ரடோரின் கிறவல் றோட்டு முழுவதையும் தனியாக ஓடி முடித்தவர். எனக்கு 46. இளையவருக்கு 29, தார் இல்லாத வீதியில் இவ்வளவு தூரம் அவர் ஓடுவது இதுவே முதல்முறை. ரொறன்ரோவிலிருந்து வெளிக்கிட்டு அன்று பதினோராவது நாள்.

மூத்தவர் முன்னுக்கு, இளையவர் நடுவில், நான் கடைசியில். முதல் நாளிலிருந்து இதே ஒழுங்கு. யாரும் பேசித் தீர்மானித்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியவர்கள் முதலில் அமர்வதுபோல அது தானாக அமைந்துவிட்டது. எங்கே நிற்பது, எப்போது வெளிக்கிடுவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் முன்னுக்குப் போகிறவர் சொல்வதுதான். பத்து நாளும் அவர் சொன்னது சரியாகவே இருந்ததால் அதைப் பற்றி யோசிக்க ஒரு காரணமும் வரவில்லை.

மூத்தவரின் வண்டி பெரியது, பெட்டிகளோடு 250 கிலோவுக்குக் குறையாது. கைப்பிடியில் சூடேற்றும் வசதி உண்டு. இளையவருடையது ஒற்றைச் சிலிண்டர் 650, ரியூப் உள்ள சில்லுகள். என்னுடையது ரியூப் இல்லாதது. மூவரிடமும் ஆளுக்கு 5 லீற்றர் மேலதிக பெற்றோல். ஒரு செய்மதித் தொடர்பாடல் கருவி என்னிடம் இருந்தது.

வீதி

டோசனுக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றரில், க்ளொண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து டெம்ப்ஸ்டர் பிரிகிறது. அங்கிருந்து இனுவிக் 736 கிலோமீற்றர். 1979 ஆகஸ்டில் இந்த வீதியைத் திறந்தார்கள். 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து துக்தொயாக்துக் வரையான துண்டும் திறக்கப்பட்டபின், ஆர்க்டிக் கடற்கரை வரை வீதியாலேயே போகலாம் என்றாயிற்று. எங்கள் ஆசையும் அந்தக் கடலில் கால் நனைப்பதுதான்.

முதல் சில கிலோமீற்றர் தார், பிறகு கிறவல். நிலத்துக்குக் கீழே நிரந்தர உறைபனி. மேல்மண்ணைக் கிளறினால் அது உருகி வீதி தாழ்ந்துவிடும் என்பதால், 1.2 மீற்றரிலிருந்து 2.4 மீற்றர் உயரத்துக்குக் கிறவலைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீதி போட்டிருக்கிறார்கள். ஆகவே ஓரம் இளக்கம், ஓரத்துக்கு அப்பால் சரிவு. தூசி அடங்கக் கல்சியம் குளோரைட் போடுகிறார்கள். காய்ந்தால் தார் றோட்டுப்போல இறுகிக் கிடக்கும். மழை விழுந்தால் சவர்க்காரம் தடவிய சீமெந்துத் தரைதான்.

சந்தியைத் தாண்டினால் 369ஆம் கிலோமீற்றரில் உள்ள ஈகிள் ப்ளெயின்ஸ் வரை பெற்றோல் இல்லை. கைத்தொலைபேசி வேலை செய்யாது. இரண்டு கிலோமீற்றருக்கு ஒருமுறை ஓரத்தில் தூரக்கட்டை நிற்கும். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல அதுதான் உதவி. இந்தப் பதிவிலும் இடங்களைக் கட்டை இலக்கத்தாலேயே சொல்கிறேன்.

வீதியின் பெயருக்குப் பின்னால் ஒரு குளிர்க்கதை உண்டு. 1910 டிசம்பரில் ஃபோர்ட் மக்பேர்சனிலிருந்து டோசனுக்கு நாய்வண்டிகளில் புறப்பட்ட பொலிஸ் ரோந்துக்குழு ஒன்று வழி தவறியது. வழியில் உதவிய, குவிச்சின் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரைக் குழுத்தலைவர் பாதியில் திருப்பி அனுப்பியிருந்தார். திரும்ப வேண்டிய ஓடை வாயைப் பல நாட்கள் தேடிவிட்டு, சாப்பாடு முடிகிற நேரத்தில்தான் வந்த வழியே திரும்பிப்போக முடிவெடுத்தார்கள். நால்வரும் இறந்தார்கள். 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டுபிடித்த அதிகாரியின் பெயர்தான் டெம்ப்ஸ்டர். முந்தைய இரவு டோசனில் இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் மூத்தவர்.

காலை 7.30, டோசன்

ஆகஸ்ட் கடைசி வாரம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் காலம் என்பதால் நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை. வானிலை அறிக்கை மலைப்பகுதியில் மழை என்றது. வீதித் தகவலில் ஈரம், வழுக்கல் என்றிருந்தது. ஒரு நாள் தங்கிப் போகலாமா என்று நான் கேட்டேன். ஈகிள் ப்ளெயின்ஸில் அறை பதிவு செய்திருந்தோம். அந்த இரவைத் தவறவிட்டால் அடுத்த இரவுக்கு இடம் கிடைக்காது என்பது மூத்தவரின் கணக்கு. 409 கிலோமீற்றர்தான், எட்டு மணித்தியாலத்தில் முடியும் என்றார். அது பிழையான கணக்கில்லை. ஒன்றும் பழுதாகாவிட்டால் எட்டு மணித்தியாலம் போதும்.

அந்தக் காலையில் இன்னொரு சின்ன விஷயம் நடந்தது. அப்போது அது கண்ணில் படவேயில்லை. மூத்தவரின் கம்பளி உள்ளுடுப்புகள் இரண்டும் கழுவாமல் பையில் கிடந்தன. ஹோட்டலில் சலவை இயந்திரத்தில் வேறு யாரோ நின்றார்கள். அவர் பருத்தி பெனியன் ஒன்றைப் போட்டு அதற்குமேல் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மழைக்காற்சட்டை பெட்டியின் அடியில் இருந்தது, தேவைப்பட்டால் எடுக்கலாம் என்றார்.

9.15, 71ஆம் கட்டை

டூம்ஸ்டோன் பூங்கா நிலையத்தில் தேத்தண்ணி குடித்தோம். தூறல். மலைச்சரிவுகள் அதற்குள்ளேயே சிவந்துவிட்டிருந்தன; குட்டைச் செடிகள்தான், ஆனால் மலை முழுக்க. படம் எடுத்தோம். 82ஆம் கிலோமீற்றரில் நோர்த் ஃபோர்க் கணவாய், இந்த வீதியின் மிக உயரமான இடம். அங்கே தூறல் பனிக்கூழாக மாறி முகக்கண்ணாடியில் ஒட்டியது. என் வண்டியின் வெப்பமானி 2 பாகை காட்டியது. இறங்கிய பிறகு 4.

கனடிய வானிலைத் துறையின் குளிர்காற்றுச் சூத்திரப்படி, 4 பாகையில் மணிக்கு 60 கிலோமீற்றர் காற்றுப் பட்டால் உடம்புக்கு அது கிட்டத்தட்ட மறை 3 பாகை. அதுவும் காய்ந்த தோலுக்கான கணக்கு. இந்த எண்ணை வீட்டுக்கு வந்தபிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

10.30, 118ஆம் கட்டை: ரயர்

இளையவரின் பின்சில்லு ஆடத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் ரயரின் நடுவில் நகம் அளவுக்கு ஒரு வெட்டு. கல் போய்விட்டது, காற்றும் போய்விட்டது.

ரியூப் மாற்றத் தெரிந்தவர் மூத்தவர்தான். இளையவர் காணொளிகளில் பார்த்திருந்தார். நான் என் வாழ்க்கையில் இரண்டு தடவை செய்திருக்கிறேன், இரண்டும் வீட்டு வாசலில். ஆகவே அவர் குனிந்தார். நாங்கள் சாவியும் லீவரும் எடுத்துக்கொடுத்தோம். ஒரு பெட்டியைக் கழற்றி வண்டிக்கு அணை கொடுத்து, அச்சைத் தட்டி எடுத்து, சில்லை உருவினார். ரயரின் விளிம்பு இறுகிப்போயிருந்தது. சில்லை நிலத்தில் கிடத்தி, என் வண்டியின் பக்கத்தாங்கியை ரயரின் ஓரத்தில் பதித்து, வண்டியை அதன்மேல் சாய்க்கச் சொன்னார். இரண்டாவது சாய்ப்பில் ‘டப்’ என்று விட்டது. பார்க்க அழகான வேலை.

கையுறையோடு வெட்டைத் தேடமுடியாது. அவர் கழற்றிவிட்டு வெறுங்கையை ரயருக்குள் விட்டுச் சுற்றிவரத் தடவினார். பழைய ரியூபில் ஒரு துண்டை வெட்டி, வெட்டின் உட்புறம் ஒட்டி, புது ரியூபைக் கொஞ்சம் காற்றோடு உள்ளே நுழைத்தார். லீவர் ரியூபைக் கடித்துவிடாமல் ஒவ்வொரு விரற்கடையாக விளிம்பை ஏற்ற வேண்டும். அதற்கு மட்டும் இருபது நிமிடம். முழங்கால் இரண்டும் சேற்றில். ஜக்கெட்டுக்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது. கழுத்தடியிலிருந்து ஆவி பறந்ததை நானே கண்டேன். கையுறைகள் பெட்டிமேல் வாய் திறந்தபடி கிடந்து மழை வாங்கின. சின்னக் காற்றுப்பம்பு 32 பிஎஸ்ஐக்கு வர எட்டு நிமிடம் எடுத்தது.

11.55க்கு வேலை முடிந்தது. ஒரு மணித்தியாலமும் 25 நிமிடமும். இளையவர் தன் இரண்டாவது கையுறைச் சோடியை நீட்டினார். “வேண்டாம், சூடு போட்டால் காஞ்சிடும்” என்று மூத்தவர் ஈரக் கையுறையையே மாட்டினார். மழைக்காற்சட்டையை எடுக்கப் பெட்டியைக் கிளற வேண்டும். ஏற்கெனவே பிந்திவிட்டோம் என்று அதையும் விட்டார்.

திரும்பிப் பார்த்தால் அன்றைய நாள் முடிவானது இந்த இடத்தில்தான். உடம்பெல்லாம் வேர்வை, அந்த வேர்வையைப் பிடித்துவைத்திருக்கும் பருத்தி, நனைந்த முழங்கால், நனைந்த கை. அப்படியே போய்க் காற்றில் உட்கார்ந்தார். தேவையானதெல்லாம் ஐந்து நிமிடமும் ஒரு காய்ந்த சட்டையும். டூம்ஸ்டோனுக்கு 47 கிலோமீற்றர் திரும்பிப் போவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரயர் சரியாகிவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று மூவருமே நினைத்தோம்.

12.45, விண்டி கணவாய்ப் பக்கம்

மழை வலுத்தது. வீதி வழுக்கத் தொடங்கியது. 157ஆம் கட்டையருகே சாப்பிட நின்றோம். மூத்தவரால் ஹெல்மெட்டின் தாடைவாரைக் கழற்ற முடியவில்லை. மூன்று தடவை முயன்றார், பிறகு சிரித்துவிட்டு, “இருக்கட்டும், எனக்குப் பசிக்கேல்லை” என்றார். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. “இன்னும் எவ்வளவு?” என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து அதையே திரும்பக் கேட்டார்.

குளிர் உடம்புக்குள் ஏறுவதன் முதல் அடையாளங்களாக எந்த முதலுதவி வகுப்பிலும் சொல்பவை இவைதான்: விரல் தடுமாறும், நாக்குக் குழறும், கால் இடறும், ஆள் சிடுசிடுப்பார். உடம்பின் உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே போனாலே மூளையும் மந்தமாகிவிடும். பாதிக்கப்பட்டவரே தன்னை மதிப்பிட முடியாமற் போவதுதான் இதில் பொல்லாத பகுதி. நான் அந்த வகுப்புக்குப் போனவன். சான்றிதழ் பணப்பையில் இருக்கிறது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணை, குளிருதே? கொஞ்சம் நிண்டு போவமே?”

“எனக்கு ஒண்டுமில்லை. நிண்டாத்தான் குளிரும். வெளிக்கிடுங்கோ.”

வெளிக்கிட்டோம்.

அந்தக் கேள்வியில் இருந்த பிழை எனக்கு இப்போது தெரிகிறது. முடிவை நான் அவரிடமே விட்டேன். அந்த நிமிடத்தில் மூவரில் முடிவெடுக்கவே கூடாத ஆள் அவர். கண்ணால் கண்ட மூன்று அடையாளத்தையும் அவருக்குச் சொல்லக்கூட இல்லை. பத்து நாள் தலைமை தாங்கியவரை, அதுவும் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரை, “உங்களுக்கு இப்ப சரியா யோசிக்க ஏலாது” என்று எப்படிச் சொல்வது? மரியாதையாகப் பேசவேண்டும் என்ற நினைப்பில் உண்மையைச் சொல்லாமல் விட்டேன்.

கணவாயைத் தாண்டியதும் அவரது வலப்பக்கச் சமிக்ஞை விளக்கு மின்னத் தொடங்கியது. திரும்புவதற்கு அங்கே எந்த வீதியும் இல்லை. 178ஆம் கட்டை வரை, இருபது கிலோமீற்றருக்கு மேல், அது மின்னிக்கொண்டே போனது. வேகம் நாற்பதுக்கு இறங்கியது. இரண்டு தடவை ஓரத்து இளக்கத்தை நோக்கிச் சாய்ந்து, பிறகு திடுக்கிட்டவர்போல நடுவுக்கு வந்தார். எதிரே ஒரு பாரலொறி வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். லொறிக்காரர் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிக் கொடுத்தார். வலப்பக்கத்தில் எஞ்சினியர் ஓடை இரும்புத்துருவின் சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாயிருந்தால் அதற்காகவே நின்றிருப்போம்.

13.50, 193ஆம் கட்டை: சாவி

எஞ்சினியர் ஓடை முகாம் திடலின் வாசலில் மூத்தவர் நிறுத்தினார். காலை ஊன்றினார், கால் நிற்கவில்லை. வண்டி ஆளோடு இடப்பக்கம் மெல்லச் சாய்ந்தது. பெட்டிதான் தாங்கியது, காலில் பாரம் விழவில்லை. தூக்கி நிறுத்தினோம். அவர் உடனே மறுபடி ஏறப் போனார். பேச்சு குழறியது. “ஈகிள்... போய்ப் படுப்பம்.”

அப்போது இளையவர் செய்ததுதான் இந்த நாளின் சரியான முதல் முடிவு. வண்டியிலிருந்து சாவியைக் கழற்றித் தன் நெஞ்சுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். “அண்ணை, கோவியாதேங்கோ. சாவி என்னட்டை இருக்கட்டும். இண்டைக்கு இங்கதான்.”

மூத்தவர் கோபித்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் வந்தது, பதினொரு நாளில் முதல்முறையாக. இளையவர் பதில் சொல்லவில்லை. நான் அவர் தோளைப் பிடித்து முகாமுக்குள் நடத்திச் சென்றேன்.

பிறகு கேட்டபோது இளையவர் தன் யோசனையை இப்படி விளக்கினார். ஈகிள் ப்ளெயின்ஸ் இன்னும் 176 கிலோமீற்றர். இந்த வேகத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல், அதுவும் மலைமுகட்டுக்கு ஏறி. டூம்ஸ்டோன் 120 கிலோமீற்றருக்கு மேல் பின்னுக்கு, குளிர்ந்த அதே மேட்டுநிலத்தின் ஊடாக. இங்கே கூரை போட்ட சமையல் கொட்டகையும் அடுப்பும் விறகும் உண்டு. பாலத்துக்கு அப்பால் வீதிப் பராமரிப்பு முகாம் இருக்கிறது. கடைசி நியாயத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: “நீங்கள் ரெண்டு பேரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு நிண்டீங்கள்.”

14.00 – 16.30: செய்தவையும் பிழையாகச் செய்தவையும்

அடுப்பில் விறகு ஈரம். பிடிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. இதற்கிடையில் மூத்தவரை வாங்கில் இருத்தி, ஜக்கெட்டைக் கழற்றி, இரண்டு படுக்கைப்பைகளால் போர்த்தினோம். கையைத் தேய்க்கப் போன என்னை இளையவர் தடுத்தார். அது சரி; குளிர்ந்த கைகால்களைத் தேய்க்கக் கூடாது, சூடு முதலில் உடம்பின் நடுப்பகுதிக்குத்தான் போகவேண்டும்.

இருபது நிமிடம் ஆகியும் மாற்றமில்லை. நடுக்கம் குறைந்ததுபோல் தெரிந்தது. அது நல்ல அறிகுறி என்று ஒரு கணம் நினைத்தேன். ஆள் சூடேறாமல் நடுக்கம் மட்டும் நின்றால் அது உடம்பு தோற்கத் தொடங்கியதன் அறிகுறி.

பக்கத்து இடத்தில் வேட்டைக்கு வந்திருந்த ஒரு பூர்வகுடிக் குடும்பம் பிக்கப் வண்டியோடு தங்கியிருந்தது. புகையைக் கண்டு அவர்களின் முதியவர் கொட்டகைக்கு வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. போர்வையை விலக்கி மூத்தவரின் கழுத்தடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பெனியன் சொதசொதவென்று உடம்போடு ஒட்டியிருந்தது. “இதை முதலில் கழற்றுங்கள்” என்றார். அவ்வளவுதான்.

ஈர உடுப்பின் மேல் போர்வை போட்டால் பிரயோசனமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவரின் பெனியனையும் காற்சட்டையையும் கழற்றக் கூசினோம். அப்பாவின் வயதை நெருங்கும் மனிதரைப் பொது இடத்தில் உரிவது எப்படி என்ற கூச்சம். அந்த இருபது நிமிடத்தையும் தின்றது அதுதான்.

கழற்றினோம். துவட்டி, என் கம்பளிச் சட்டையைப் போட்டோம். முதியவர் போய் இரண்டு போத்தலில் சுடுநீர் கொண்டுவந்தார். துணியில் சுற்றி இரண்டு கக்கத்திலும் வைத்தோம். அவரால் விழுங்க முடிகிறது, பேச்சுக்குப் பதில் வருகிறது என்று உறுதி செய்துகொண்டு, ஐந்து கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியை மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுத்தோம்.

செய்மதிக் கருவியின் அவசரப் பொத்தானை அழுத்துவதா என்ற கேள்வி 14.30க்கு வந்தது. அழுத்தவில்லை. ஆனால் இம்முறை வாயால் சொல்லி ஓர் எல்லை வைத்தோம்: 15.10க்குள் தன் பிறந்த திகதியையும் இன்று எங்கிருந்து வெளிக்கிட்டோம் என்பதையும் தெளிவாகச் சொல்லாவிட்டால், அல்லது நித்திரையில் சாய்ந்து எழுப்ப முடியாவிட்டால், அழுத்துவது. ஒருவர் பாலம் தாண்டிப் பராமரிப்பு முகாமுக்கு ஓடுவது. 14.50க்கு நடுக்கம் மீண்டும் பலமாக வந்தது. 15.05க்குப் பிறந்த திகதியைச் சொன்னார். தொடர்ந்து, “என்ரை சாவி எங்கை?” என்றார். இளையவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அன்றே அழுத்தியிருக்கலாம் என்று ஒரு நண்பர், தாதியாக வேலை செய்பவர், பிறகு சொன்னார். நான் அவரோடு வாதாடவில்லை. அழுத்திய பிறகு ஆள் தேறினால் தகவல் அனுப்பி நிறுத்தச் சொல்லலாம். தேறாவிட்டால் இழந்த நாற்பது நிமிடத்தை யார் தருவார்?

16.30க்கு நூடில்ஸ் சாப்பிட்டார். ஹோட்டலுக்குச் சொல்லும்படி ரொறன்ரோவில் இருக்கும் என் மனைவிக்குச் செய்மதியால் செய்தி அனுப்பினேன். அறைக்காசு போனது.

பிறகு

மறுநாள் காலை காற்று அடித்து வீதி காய்ந்தது. ஈகிள் ப்ளெயின்ஸுக்கு 176 கிலோமீற்றரை இளையவர் முன்னால் போக ஓடினோம். அடுத்த நாள் 405ஆம் கிலோமீற்றரில் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை வரை போய், அங்கேயே திரும்பினோம். மூத்தவரின் இடக்கையில் இரண்டு விரல்நுனிகள் மரத்தே இருந்தன; வைத்தியர் அதைக் குளிரால் நரம்புக்கு வந்த பாதிப்பு என்றார். மூன்று வாரத்தில் மாறியது. ஒட்டுப்போட்ட ரயர் வைற்ஹோர்ஸ் வரை தாங்கியது. ரேடியேட்டர்களில் காய்ந்த கல்சியம் சேற்றை உரித்தெடுக்க இரண்டு நாள் போனது, இன்னும் முழுவதும் போகவில்லை.

அடுத்த முறைக்கு மாற்றியவை

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பருத்தி தோலில் படக்கூடாது. மழை தொடங்குமுன் மழைக்காற்சட்டை. வேர்க்கும் வேலை முடிந்தால், எவ்வளவு பிந்தியிருந்தாலும், உள்சட்டையை மாற்றாமல் வண்டி ஏறுவதில்லை. சூடான கைப்பிடியை நம்பவேண்டாம் என்பதையும் சேர்க்கிறேன்; உள்ளங்கை சுடும்போது உடம்பு முழுக்கச் சுகம் என்று மனம் சொல்லும். மூத்தவர் ஒப்புக்கொண்ட விஷயம் இது.

நேரக் கணக்கையும் மாற்றினோம். நண்பகலுக்குமுன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழந்தால், அன்றைய இலக்கு தானாகவே ரத்து. அதற்குப் பிறகு பேச்சு, கிட்ட இருக்கும் கூரை எது என்பது மட்டும். அறைக்குக் கட்டிய காசு அந்தப் பேச்சில் வராது.

கடினமான மாற்றம் ஆட்களுக்கிடையில். இப்போது எங்கே நின்றாலும் ஒவ்வொருவரும் தன் ஹெல்மெட்டைத் தானே கழற்றிக் காட்டவேண்டும். வாரைக் கழற்ற முடியாதவரின் சாவி அடுத்தவரிடம் போகும், சூடாகும் வரை. கேள்வி இல்லை, “குளிருதே?” என்ற விசாரிப்பும் இல்லை. முன்னால் போகும் முறை நாளுக்கு நாள் மாறும். இந்த விதிகளை எழுதியவர் மூத்தவர். முதலில் ‘இளையவர் சோதிக்க வேண்டும்’ என்று எழுதினார். பிறகு அதை வெட்டிவிட்டு ‘எவரும்’ என்று மாற்றினார். போன மாதம் ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காப் பக்கம் ஒருநாள் ஓட்டத்தில் இதைச் செய்து பார்த்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கழற்றிக் காட்டினேன்.

இதன் வரைவை வாசித்துவிட்டு மூத்தவர் ஓர் இடத்தில் மட்டும் மறுத்தார். சமிக்ஞை விளக்கு இருபது கிலோமீற்றர் மின்னியது என்பதை அவர் நம்பவில்லை. விண்டி கணவாயிலிருந்து முகாம் வரை ஓட்டியது அவருக்கு ஞாபகமே இல்லை. இளையவரின் கமராவில் அது பதிவாகியிருக்கிறது. அவர் இன்னும் அதைப் பார்க்கக் கேட்கவில்லை.